கோணாமலை தீர்த்துவைத்த சிநேகக் கிண்ணம்

"எங்கட கொடி அவங்கட கொடிக்குக் கீழ பறக்கிறதெண்டா நான் மட்டையைத் தொடமாட்டன்" என்றார் கொழும்புக் கப்டன்.

"ஒங்க கொடி மேலே பறந்தா நான் மைதானத்துக்குள்ளேயே கால் வைக்கமாட்டேன்" என்றார் மதராஸ் கப்டன்.

இருவருக்கும் நடுவில் ஒரேயொரு மூங்கில் கம்பத்தைப் பிடித்தபடி கோணாமலை நின்றுகொண்டிருந்தான். மட்டக்களப்பு டெனிஸ் கிளப்பின் மார்க்கர் அவன். சுண்ணாம்புக் கோடு போடுவது, வலை கட்டுவது, பந்து பொறுக்குவது, ஆள் குறைந்த நாளில் துரைமாரோடு ஆடித் தோற்றுக்கொடுப்பது எல்லாம் அவன் வேலை. இரண்டு நாட்டையும் ஆள்வது ஒரே ராசாவாக இருக்கும்போது கொடி மட்டும் ஏன் இரண்டு என்பது அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்காத காரியம் என்பதற்காகக் கோணாமலை ஒருநாளும் பின்வாங்கியதில்லை.

கிண்ணத்தின் பெயர் சிநேகக் கிண்ணம். அதன் பொருட்டு இலங்கைச் சங்கமும் மதராஸ் சங்கமும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த வருஷம், ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறில், ஐந்து ஆட்டத்தில் நாலு கொழும்பில் முடிந்து ஆளுக்கு இரண்டு வெற்றி என்று நின்றது. ஐந்தாவது ஆட்டம் எங்கள் புல்லில்தான் நடக்கவேண்டும் என்று கொழும்பிலேயே இரண்டு கிளப்புகள் அடித்துக்கொண்டதில், இரண்டுக்கும் இல்லாமல் அது ரெயிலேறி மட்டக்களப்புக்கு வந்துவிட்டது. கப்டனும் கப்டனும் நேருக்கு நேர் ஆடவேண்டும். மாற்றாள் கூடாது; ஆட முடியாதவர் தோற்றவர். சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஆட்டம் நடக்காவிட்டால் கிண்ணம் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே.

"அப்பிடியொண்டு நடந்தா மட்டக்களப்புக்கே வெக்கம்" என்று கிளப் காரியதரிசியான வக்கீல், புறக்டர் வினாயகமூர்த்தி முன்பே சொல்லியிருந்தார். "ஆட்டம் நடக்கோணும் கோணாமலை. நடக்காட்டிச் சாவியை என்ட மேசையில வெச்சிட்டு நீ வீட்ட போகலாம்."

வீட்டுக்குப் போவது லேசான காரியமா? மட்டக்களப்பில் வீடு பெண்சாதியுடையது. கூரை அவளது, கிணறு அவளது, முற்றத்துத் தென்னையும் அவளது. கோணாமலைக்கு இந்த உலகத்தில் சொந்தம் என்று இருந்தது மார்க்கர் உத்தியோகம் ஒன்றுதான். அது போனால் விடிந்தது முதல் பொழுதுபடும் வரை பெண்சாதி சீதேவிப்பிள்ளையின் கண்ணுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கவேண்டும்.

நல்லவேளையாக, சண்டை தீர்ப்பது அவன் பரம்பரையில் வந்த வித்தை. அவன் கிரான் என்னும் வயல் ஊரான். தாய்மாமன் அங்கே கோயிலை நடத்தும் வண்ணக்கர். திருவிழா வந்தால் எந்தக் குடிக்கு முதல் மாலை, எந்தக் குடிக்கு முதல் திருநீறு என்று ஊரார் வேட்டியை மடித்துக் கட்டுவார்கள். மாமன் இரண்டு தட்டு எடுத்து, இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் நீட்டுவார். வாய் அடங்கிப்போகும். உலகத்துச் சண்டை எல்லாம் முதல் மரியாதைச் சண்டைதான் என்பது கோணாமலையின் முடிந்த முடிவு.

இன்னொரு மூங்கில் வந்தது. நூல் பிடித்து இரண்டையும் ஒரே உயரத்துக்கு வெட்டினான். இரண்டு கொடியும் ஒரே நேரத்தில் ஏறின. கப்டன்மார் இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கொழும்பாரின் முகம் கறுத்தது. மதராஸார் பெரிய மூச்சொன்று விட்டார்.

"சரி" என்றார் மதராஸார். "நடுவர் யாரு? எங்க ஆள்தான் இருக்கணும்."

"அது நடக்காது. எங்கட ஆள்தான்" என்றார் கொழும்பார்.

கோணாமலை சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்கு மிதித்தான். புடவைக்கடைப் பாறூக் முதலாளியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. தமிழரும் முஸ்லிம் சோனகரும் வழக்கென்று வந்தால் நியாயம் கேட்டுப் போகிற ஆள்; ஊருக்கெல்லாம் காக்கா, அதாவது அண்ணன்.

"எனக்கு இந்த விளையாட்டில ஒரு மண்ணும் தெரியாதே தம்பி" என்றார் பாறூக்.

"அதுதான், காக்கா, தகுதி. ஆட்டம் தெரிஞ்ச ஆக்களெல்லாம் ஒரு பக்கம் சாஞ்சிட்டாங்க."

வரும் வழியிலேயே கோணாமலை புள்ளிக் கணக்குப் பாடம் நடத்தினான். பதினைந்து, முப்பது வரை முதலாளி ஒழுங்காக வந்தார். நாற்பதில் நின்றுவிட்டார்.

"பதினஞ்சு பதினஞ்சாக் கூட்டினா நாப்பத்தஞ்சல்லவா வரோணும். அந்த அஞ்சு எங்க போன?"

"வெள்ளைக்காரன் எடுத்திட்டான் காக்கா."

"அப்ப சரி" என்றார் பாறூக்.

அவரைக் குறைசொல்லக் கப்டன்மாருக்கு இடமில்லாமல் போயிற்று. ஆனால் நியாயஸ்தர் வெறுங்கையோடு வரவில்லை. புடவை அளக்கிற கஜக்கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்தார். உயர்ந்த நாற்காலியில் ஏறுமுன் மைதானத்தை ஒருமுறை அளந்து பார்த்தார். திரும்ப அளந்தார்.

"தம்பி, இந்தப் பக்கம் நாலு விரக்கடை கூட."

"காக்கா, பதினஞ்சு வருஷமா இப்பிடித்தான் ஆடுறாங்க. அத விடுங்க."

"அளவெண்டா அளவுதான். நாலு விரக்கடைக்கு நாளை மறுமையில ஆரு பதில் சொல்ற?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. கோணல் மைதானத்தில் ஆட முடியாது என்று கப்டன்மார் இருவரும் சந்தோஷமாகவே மட்டையை உறையில் போட்டார்கள். வெள்ளிக்கிழமை முழுவதும் கோணாமலை சுண்ணாம்புக் கோட்டைச் சுரண்டினான், புற்றுமண் போட்டான், திமிசுக்கட்டையால் இடித்தான், புதுக்கோடு கீறினான். பாறூக் ஜும்மா தொழுகைக்குப் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் கோலோடு பின்னாலேயே நின்றார். பொழுதுபட, ஒரு நூல் பிசகில்லை என்று அவர் சாட்சி சொன்னார்.

சனிக்கிழமை காலை கப்டன்மார் வந்து பார்த்தார்கள். நெடுநேரம் பார்த்தார்கள்.

"சுரண்டினதில தரை எங்கட பக்கம் பள்ளமாப் போச்சு" என்றார் கொழும்பார்.

"அதெப்படி, எங்க பக்கம்தான் பள்ளம்" என்றார் மதராஸார்.

கோணாமலைக்கு அழுகையே வந்துவிட்டது. புறக்டர் ஒன்பது மணிக்கு வந்து, சாவியைப் பற்றி ஞாபகப்படுத்திவிட்டு வழக்குப் பேசக் கோர்ட்டுக்குப் போயிருந்தார். அப்போதுதான் அவனுக்குள்ளிருந்த கிரான் வேளாண்மைக்காரன் கண்விழித்தான். விதைக்குமுன் வயலை மட்டம் பார்ப்பது எப்படி? தண்ணீர் கட்டிப் பார்ப்பார்கள். மண் தெரிகிற இடம் மேடு, தண்ணீர் நிற்கிற இடம் பள்ளம். கிளப் வேலிக்கு அந்தப் பக்கம் வட்டை, கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வாய்க்காலும் வேலியோரம்தான் போகிறது.

"ஐயாமார், ஒரு விரக்கடை தண்ணி விட்டுப் பாப்பம்" என்றான். "தண்ணிக்கு இலங்கையும் தெரியா, மதராசும் தெரியா. பொய் சொல்லாது. ஒரு மணித்தியாலத்தில வடிச்சிரலாம். பின்னேரம் ஆடலாம்."

கப்டன்மார் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"விடு தண்ணியை" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வந்த நாள் முதல் அவர்கள் ஒத்துப்போனது அப்போதுதான். பாசனமே பாசத்தை வளர்க்கும் என்று கோணாமலை நெஞ்சு குளிர்ந்தான்.

மைதானத்தைச் சுற்றி வரம்பு கட்டினான். கிரானான் கட்டிய வரம்பில் நண்டு கூட ஓட்டை போட முடியாது. வாய்க்காலில் ஒரே ஒரு வெட்டு வெட்டினான். தண்ணீர் வந்து பரவி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நின்றது. மேடுமில்லை, பள்ளமுமில்லை.

"பாத்தீங்களா" என்று வெட்டை அடைக்கத் திரும்பினான்.

விதைப்புக்காக வட்டையின் மேற்குப் பக்கத்தில் மதகு திறந்தது அந்தக் காலைதான் என்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு முழ வெட்டு நாலு முழ வெட்டாகிவிட்டது. அவன் போட்ட மண்ணைத் தண்ணீர் சோறு தின்பதுபோல் தின்றது. வரம்பை உடைக்கலாம் என்று ஓடியபோது வழுக்கி விழுந்து கணுக்கால் திரும்பிவிட்டது. நடுப்பகலில் முழங்கால் மட்டம். வலையின் கீழ்ப்பாதி தண்ணீருக்குள். தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாணென்ன முழமென்ன என்று கோணாமலை வரம்பில் உட்கார்ந்துவிட்டான். மூன்று கொக்குகள் வந்து மதராஸ் பக்கம் இறங்கின.

தண்ணீர் மட்டத்தைப் பார்க்க உயர்ந்த நாற்காலியில் ஏறி அகப்பட்டுக்கொண்ட பாறூக் அங்கிருந்தபடியே கேட்டார்: "தம்பி, நான் எறங்கிறதா, வள்ளம் வருமா?"

மாலையில் புறக்டர் வந்தார். தண்ணீரைப் பார்த்தார், கொக்குகளைப் பார்த்தார்.

"நான் உன்னை ஆட்டம் நடத்தச் சொன்ன. நீ வேளாண்மை செஞ்சி வெச்சிரிக்காய்" என்றார்.

பொழுது சாய்ந்தது. கிண்ணம் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று கடிதம் எழுதிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. கோணாமலை நொண்டிக்கொண்டு போய், அரைஞாணில் கட்டியிருந்த சாவியை அவிழ்த்துப் புறக்டரின் மேசையில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துக் கப்டன்மார் உள்ளே வந்தார்கள்.

"புறக்டர் ஐயா, இந்த மனுசன்ர சாவியை நீங்க எடுத்தா நான் கொழும்பில உங்களுக்கு எதிரா எழுதுவன்" என்றார் கொழும்பார். "எங்கட மானத்துக்காக இவர் பட்ட பாட்டை நான் பாத்த."

"எங்க சங்கத்திலே இப்படியொரு ஆள் இல்லே" என்றார் மதராஸார். தம் மட்டையை உறையோடு கோணாமலையிடம் நீட்டினார். "இத நீயே வச்சுக்கோப்பா. எனக்குக் கொஞ்ச நாளைக்குத் தேவைப்படாது." அவர் கண் கலங்கியிருந்தது.

புறக்டர் சாவியைத் தாமே எடுத்து அவன் கையில் வைத்தார். கோணாமலை அழுதுவிட்டான். ஆட்டத்தைக் கெடுத்தவனையும் கும்பிட்டு அனுப்புகிற பெரிய மனசு இந்த உலகத்தில் இருக்கிறதே என்று அழுதான். மாமாங்கப் பிள்ளையாருக்கும், தாய்மாமனுக்கும், பாறூக் காக்காவுக்கும், முன்பின் தெரியாத இந்த இரண்டு சீமான்களுக்கும் மனதார நன்றி சொன்னான். முதல் மரியாதையைச் சமமாகக் கொடுத்தால் மனிதர் எவ்வளவு நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

மறுநாள் காலை கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிக்கிடந்தது. சீதேவிப்பிள்ளை அவனை மாட்டுவண்டியில் ஏற்றி, முறிவு வைத்தியம் செய்கிற ஆச்சிப்பிள்ளையிடம் தேற்றாத்தீவுக்குக் கொண்டுபோனாள்.

"எங்க விழுந்த?" என்று ஆச்சிப்பிள்ளை எண்ணெயைச் சூடுகாட்டினாள்.

"டெனிஸ் கிளப்பில" என்றாள் சீதேவிப்பிள்ளை. அவன் மட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தான்.

ஆச்சிப்பிள்ளை சிரித்தாள். "அந்தக் கப்டன்மார் ரெயிலேறுமட்டும் வாய் திறக்கப்படாதெண்டு என்னட்டச் சத்தியம் வாங்கின. இப்ப போயிட்டாங்கதானே, சொல்லலாம்."

"என்னத்தை?" என்றான் கோணாமலை.

"கொழும்பாருக்கு வலத் தோள், மதராஸாருக்கு வலது மணிக்கட்டு, ரெண்டு பேராலயும் ஒரு கரண்டி தூக்க ஏலா; ஒராளுக்குத் தெரியாம மத்தாள் வந்து பத்துப் போட்டுக்கொண்டு, 'ஆட்டத்தை நிப்பாட்ட நான் எந்தச் சண்டையைக் கிளப்பினாலும் கோணாமலையெண்டு ஒருத்தன் வந்து தீர்த்து வெச்சிர்றான்' எண்டு அழுதிட்டுப் போனாங்க; ஆரு கா அந்தப் பாவி?"