சதுப்பு நிலமும் சம்பந்திகளும்

அன்புள்ள அத்தானுக்கு,

நகரசபையில் கூட்டக் குறிப்பு எழுதும் உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் நலமாக இருப்பீர்களாக.

விஷயம் என்னவென்றால், நீங்கள் பேசி முடித்த கல்யாணத்தால் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சதுப்பு நிலம் போகப்போகிறது. குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அதைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டவேண்டும் என்று தலைவர் பதினோரு வருஷமாகத் தீர்மானம் கொண்டுவருகிறார். எதிர்க்கட்சிக்காரர் பதினோரு வருஷமாக எழுந்து நாரை, தவளை, நிலத்தடி நீர் என்று முழங்குவார், சாப்பாட்டு நேரம் தாண்டும், தீர்மானம் தள்ளிப்போகும். நாரையை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது. தலைவர் கொண்டுவந்தது என்பதே அவருக்குப் போதும். எப்படியோ மழைத் தண்ணீர் அங்கே போய்த் தேங்கியது, என் சமையலறைக்குள் வரவில்லை. இப்போது தலைவரின் பெண்ணை எதிர்க்கட்சிக்காரர் பையனுக்கு முடித்து வைத்துவிட்டீர்கள். நேற்றுக் கூட்டத்தில் அவர் எழுந்ததுமே நான் வழக்கம்போல் ‘கடுமையாக எதிர்த்தார்’ என்று முன்கூட்டி எழுதிவிட்டேன். அவரோ, “சம்பந்தி சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று உட்கார்ந்துவிட்டார். “அப்ப நாரை?” என்று பின்வரிசையில் கேட்டார்கள். “அதுக்குத்தான் றெக்கை இருக்கே, போயிடும்” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். எதிர்க்கட்சிக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரே காரணத்துக்காக, மருந்துக்கடை வைத்திருக்கும் உறுப்பினர் மட்டும் தூக்கவில்லை. நான் எழுதியதை அடித்துவிட்டு ‘வழிமொழிந்தார்’ என்று போட்டேன்.

அடுத்த வாரம் இறுதி ஓட்டெடுப்பு. சேர்த்துவைத்த நீங்களே வந்து சம்பந்திகளுக்குள் சின்னதாக ஒரு மனஸ்தாபம் உண்டாக்கித் தரவேண்டும். உங்களுக்கு அது சிரமமில்லை, நம் குடும்பத்தில் மூன்று கல்யாணங்களில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். நல்ல மழை ஒன்று பெய்தால் தண்ணீர் அடுப்பு வரைக்கும் ஏறிவிடும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசி, சின்னவனுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில், பேருந்து நிலையம் கட்டப்போகிற கான்ட்ராக்டர் குடும்பத்தோடு வந்துவிட்டுப் போனார். எங்கள் பெண்ணை அவர் பையனுக்குக் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நீங்கள் வந்து எதையும் கலைக்கவேண்டாம். யோசித்துப் பார்த்தால் அந்தச் சதுப்பில் கொசு அதிகம். சமையலறைத் தரையை இரண்டடி உயர்த்தினால் தண்ணீர் வராது என்கிறார். சம்பந்தி சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.