ஸ்கூட்டருக்கு ஒரு கேட் பாஸ்

"என் கையெழுத்து இல்லாம இந்த வீட்டை விட்டு ஒரு திருகாணிகூட வெளியே போகாது!"

ஜம்புநாதன் இப்படி முழங்கியது காலை ஏழு மணிக்கு. காரணம், கீழே பார்க்கிங்கில் நிற்கும் அவருடைய ஸ்கூட்டர். ஒன்பது வருஷமாக நிற்கிறது. உதைத்தால் இருமும்; ஓடாது. வீட்டுக்கென்று இருப்பதோ ஒரே இடம். அதில் ஒரு மின்சார ஸ்கூட்டரை வாங்கி நிறுத்தி, இங்கிலீஷ் வகுப்புக்குத் தானே ஓட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது மனைவி ஜலஜாவின் ஆசை.

"ஏன்னா, பேகம்பேட் போக தினம் ஆட்டோக்காரன் கால்ல விழ வேண்டியிருக்கு. அந்தத் துருவை எடைக்குப் போட்டா என்ன?"

"துருவா? நம்ம கல்யாணத்துக்கு முன்னாடியே வந்ததுடீ அது!"

"அதான் சொல்றேன். சீனியர் முதல்ல ரிட்டயர் ஆகட்டும்."

"நக்கோ! உயிரே போனாலும் முடியாது!"

மனிதர் பாலாநகர் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருஷமாக ஸ்டோர்ஸ் அதிகாரி. அவர் கையெழுத்திட்ட கேட் பாஸ் இல்லாமல் அங்கே ஒரு வாஷர்கூட வாசலைத் தாண்டாது. அந்தச் சட்டத்தை அன்றே அபார்ட்மெண்டுக்கும் நீட்டினார். வாட்ச்மேன் ராகவேந்திராவைக் கூப்பிட்டு ஸ்கூட்டரைக் காட்டினார். மாதிரிக்குத் தன் கையெழுத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் கொடுத்தார்.

ஜலஜா நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பிவிட்டாள். ஜெயித்துவிட்டதாக ஜம்புநாதன் மீசையை முறுக்கினார்.

மறுநாள் மாலை காபியோடு நோட்டும் வந்தது.

"இன்னிக்கு 'கோயிங் டு' பாடம். பத்து வாக்கியம். சித்த திருத்தித் தாங்கோளேன்."

"செய்யப்போறேன்னு தீர்மானமாச் சொல்ற இடத்துல அதைப் போடணும். இந்த வீட்ல அது எனக்குத்தான் பொருந்தும். கொண்டா."

இங்கிலீஷில் ஒரு தப்பைக் கண்டுவிட்டால் அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரியாது. சிவப்புப் பேனா பாய்ந்தது. 'ஐ ஆம் கோயிங் டு குக் பூசணிக்காய்.' சரி. 'ஐ கோயிங் டு கால் மை சிஸ்டர்.' "நடுவுல 'ஆம்' எங்கேடீ போச்சு?" ஏழாவதுக்கு வந்தார். 'ஐ ஆம் கோயிங் டு கிவ் ஓல்டு ஸ்கூட்டர் டு ஸ்க்ராப் மேன்.'

"ஓல்டுக்கு முன்னாடி ஒரு 'தி' வரணும்! எத்தனை தடவை சொல்றது?"

'தி' போட்டார். பக்கத்தின் அடியில், பழக்கதோஷம், 'செக்டு அண்டு அப்ரூவ்டு' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அடுத்த நாள் வேலை முடிந்து வந்தால் பார்க்கிங் காலி.

"ராகவேந்திரா! ஏன்டா வெளியே விட்டே?"

"ஹவ் சார், மீ சைனே கதா!" ஆமாம், உங்கள் கையெழுத்துதானே என்று அவன் நோட்டிலிருந்து கிழித்த அந்தப் பக்கத்தையும் மாதிரித் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினான். அச்சு அசல்.

ஜம்புநாதன் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டினார்.

"இது மோசடி!"

"நான் எழுதினேன், நீங்க அப்ரூவ் பண்ணேள். ஆட்சேபணைன்னா அப்பவே எழுதியிருக்கணும்."

"இனிமே இந்த வீட்ல எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போடமாட்டேன்! சத்தியம்!"

"போட வேண்டாம். இன்னிக்கு 'யூஸ்டு டு' பாடம். முன்னாடி இருந்து இப்போ இல்லாததுக்காம். ஒரே ஒரு வாக்கியம், சும்மாப் பாருங்கோ."

பார்த்தார். 'மை ஹஸ்பண்டு யூஸ்டு டு ஹேவ் ஸ்கூட்டர்.'

"ஸ்கூட்டருக்கு முன்னாடி ஒரு 'எ' வரணும்டீ!" என்று கத்திக்கொண்டே பேனாவைப் பிடுங்கித் திருத்தியவர், அடியில் கையெழுத்தும் தேதியும் போட்டார்.