தலைவர் மாடியில் இருக்கிறார்

தலையே போனாலும் பதவியை விடுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

பன்னிரண்டு வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு ஏழு வருடமாக நான்தான் தலைவர். என்னை எதிர்த்து யாரும் நின்றதில்லை. எனக்கு ஆதரவாகவும் யாரும் நின்றதில்லை என்பாள் என் மனைவி. அது வேறு விஷயம். தீர்மான நோட்டு என்னிடம். மோட்டார் அறைச் சாவி என்னிடம். நான் சுவிட்சைப் போட்டால்தான் மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறும். இதைவிடப் பெரிய அதிகாரம் எந்த நாட்டு அதிபருக்கு இருக்கிறது?

எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. ராணுவம் ஆட்சியைப் பிடிக்கிற படங்களை ஒன்று விடாமல் பார்த்தவன் நான். சாயங்காலம் ஆறு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால், அதிபர் தப்பித்தாரா இல்லையா என்று தெரியாமல் எழுந்திருக்க மாட்டேன். அதனால் மூன்றாம் மாடிக்கு முறுக்கு மீசையோடு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் குடிவந்த அன்றே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"நம்ம கதை முடிஞ்சுது" என்றேன் மனைவியிடம்.

"எந்தப் படத்துல?" வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"படமில்ல, நிஜம். அந்த மீசைக்காரர் தினம் காலையில ரெண்டு கையிலயும் வாளி தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறுறார். எதுக்கு?"

"எதுக்காம்?"

"பயிற்சி! அவர் மட்டுமில்ல. டீச்சர், டாக்டரம்மா, இன்னும் ஒரு பொம்பளை, எல்லாரும் வரிசையா வாளியோட ஏறுறாங்க. கதவு ஓட்டை வழியாப் பார்த்தேன். படையே திரட்டிட்டார் மனுஷன்."

"வாளியில என்ன இருந்துச்சு?"

"தண்ணி. பாரத்துக்கு. மணல் கிடைச்சிருக்காது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "ஆமா, மணல் கிடைச்சிருக்காது. அந்த இன்னொரு பொம்பளை யாரு?"

"முகம் தெரியல. எவளோ ஒருத்தி."

கத்தி வெங்காயத்தில் வேகமாக இறங்கியது. நறுக்கிக்கொண்டே கேட்டாள். "சரி, படத்துல இதுக்கு என்னங்க செய்வாங்க?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"முதல்ல அதிபரை எங்கயாவது போட்டுப் பூட்டுவாங்க. அவர் இல்லாதப்பவே கூட்டத்தை நடத்தி, வேற ஆளை நாற்காலியில உட்கார வச்சிடுவாங்க."

"தப்பிக்க வழியே இல்லையா?"

"புத்தியுள்ள அதிபர் முன்னாடியே எழுதி வச்சிருப்பார். 'நான் வரமுடியாத நிலையில் இருந்தால் என் பொறுப்பு முழுவதும் இன்னாருக்கு' அப்படின்னு. ஆனா நம்பிக்கையான ஆளா இருக்கணும்."

"அப்படி யாரு இருக்கா உங்களுக்கு?"

யோசித்துப் பார்த்தேன். ஒரு ஆளும் தேறவில்லை. "நீதான்" என்றேன்.

"ஐயோ, எனக்கு எதுக்குங்க இந்த வம்பெல்லாம்!"

அதில்தான் விழுந்தேன். பதவி வேண்டாம் என்கிற ஆளைத்தான் நம்ப வேண்டும், எத்தனை படத்தில் பார்த்திருக்கிறேன். தீர்மான நோட்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சங்க முத்திரையையும் ஓங்கிக் குத்தினேன். மோட்டார் அறைச் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து, "யார் கேட்டாலும் குடுக்காதே" என்றேன்.

"குடுக்க மாட்டேங்க" என்றாள். அந்த வார்த்தையை இன்றுவரை காப்பாற்றி வருகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். ஒன்பதரைக்கே மீசைக்காரர் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகளை நூல் பிடித்த மாதிரி போட ஆரம்பித்துவிட்டார்.

"கூட்டத்துல வச்சே உங்களைப் பிடிச்சுட்டா?" என்றாள் மனைவி.

"பிடிக்கட்டும்! நான் ஓடி ஒளியற ஆள் இல்ல!"

"ஒளியச் சொல்லலங்க. மாடித் தொட்டியைக் கைப்பத்திட்டாங்கன்னா? காவலுக்கு ஆள் வேணாமா?"

அது நியாயம்தான். ஒரு விசிலை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அவளும் கூடவே வந்து, "பத்திரம்" என்று சொல்லிக் கதவை வெளியே பூட்டினாள். எதிரி உள்ளே வராமல் இருக்கத்தான் என்று நினைத்தேன்.

பத்து மணிக்குச் சுவரோரமாக எட்டிப் பார்த்தேன். கீழே பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் இருந்தார்கள். என் நாற்காலியில் என் மனைவி. கையில் தீர்மான நோட்டு. கணீரென்று படித்தாள்: "நான் வரமுடியாத நிலையில் இருந்தால்..."

"வரமுடியாத நிலையிலதான் இருக்காரா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஆமா டாக்டர். பூட்டிட்டுத்தான் வந்தேன்."

"சதி!" என்று கத்தினேன். விசிலை ஊதினேன். "நான் ராஜினாமா பண்ணல! பண்ணவும் மாட்டேன்!"

கீழே பலமாகக் கைதட்டினார்கள். எனக்கில்லை. தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு மோட்டார் போடப்படும் என்ற முதல் தீர்மானத்துக்கு.

"'படம் முடியட்டும், போடறேன்'னு சொல்லிட்டு அப்படியே தூங்கிடுவார்" என்று டீச்சர் குமுறினார். "காலையில குழாயில காத்துதான் வரும். தரைத் தொட்டியில இருந்து தண்ணி தூக்கித் தூக்கித் தோளே போச்சு."

என் மனைவி அண்ணாந்து என்னைப் பார்த்தாள். "ஏங்க, அந்த எவளோ ஒருத்தி நான்தாங்க. நீங்க தினம் குளிக்கிற தண்ணி எங்கேருந்து வருதுன்னு நினைச்சீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தலைவன் அதை வெளியே காட்டலாமா? இன்னொரு முறை விசிலை ஊதினேன்.

கூட்டம் முடிந்து மாடிக் கதவு திறந்தது. முதலில் என் மனைவி வந்து என் பக்கத்தில் நின்றாள். பின்னால் வந்த மீசைக்காரர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பதிலுக்கு நானும் கையைத் தூக்கினேன். அவர் என் மனைவிக்கு அடித்திருக்கிறார்.

"மேடம், பழைய தலைவரை என்ன செய்யலாம்?"

"எது வேணா செய்ங்க! பணிய மாட்டேன்!" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"தொட்டி நிரம்பற வரைக்கும் கையில ரெண்டு வாளி குடுங்க சார். பயிற்சி எடுக்கட்டும்."