சூட்கேஸ் அண்ணாச்சியும் மஸ்கட் விமானமும்

ராஜபாளையத்தில் விமான நிலையம் கிடையாது. ஆனாலும் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அந்த ஊர்க்காரர்களைச் சுமந்துகொண்டு பறந்த அத்தனை விமானங்களையும் தரையிலிருந்து கிளப்பிவிட்டவர் சூட்கேஸ் அண்ணாச்சிதான். விமானிகள் கூடச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கே தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சூட்கேஸ் கடை. ஒரு பெட்டி வாங்கினால் விசா ஆலோசனையும், பெட்டியைச் சணல் கயிற்றால் கட்டித் தருவதும், வேனில் கூடவே வந்து வழியனுப்புவதும் இலவசம். அவர் விமானத்தில் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டே கிடையாது. யாராவது அதைக் குத்திக்காட்டினால், "வைத்தியம் பாக்குத டாக்டருக்குக் காய்ச்சல் வந்திருக்கணுமாக்கும்?" என்பார்.

விசா இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு முதல் இன்டர்வியூ அவர் கடையில்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தால் சொந்தத் தம்பியைக்கூட அவருக்கு அடையாளம் தெரியாது. அமெரிக்காவுக்குப் படிக்கக் கிளம்பிய ஒரு மில் முதலாளி மகனைக் கேட்டார்:

"படிப்பு முடிஞ்சதும் ஊருக்குத் திரும்பிருவீயளா?"

"திரும்பிருவேன் அண்ணாச்சி."

"அமெரிக்காக்காரன அண்ணாச்சிங்கியே. ரிஜெக்ட். அடுத்த ஆளு."

பையன் கண் கலங்கிப் போனான். மெட்ராஸில் அவனுக்கு முதல் தடவையே விசா கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரர் அண்ணாச்சி அளவுக்குக் கறார் இல்லை என்று வந்து சொன்னான்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்குள்ளும் விசா நுழைந்தது. மல்லிகா அக்காவுக்குக் கல்யாணமான மாதமே அத்தான் மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய்விட்டார். அக்காவுக்கு விசா வரும் வரும் என்று பார்த்தால், அனுப்பிய காகிதங்கள்தான் திரும்பி வந்தன. ஒரு தடவை போட்டோ சரியில்லை. ஒரு தடவை சீல் தெளிவில்லை. இன்னொரு தடவை காரணமே சொல்லவில்லை. "மாப்பிள்ளை இன்னும் கூப்பிடலையாட்டி?" என்று தெருவில் கேட்கிற தொனி மாறத் தொடங்கியது. அக்கா கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். காகிதம் திரும்பி வந்த நாளெல்லாம் அண்ணாச்சி மத்தியானம் சாப்பிடமாட்டார். அப்பாவோடு மெட்ராஸுக்குப் போய் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்.

கடைசியில் விசா வந்தது. அதற்குச் செவ்வாய்க்கிழமை வரைதான் உயிர். திருவனந்தபுரத்திலிருந்து திங்கள் காலை கிளம்பும் ஒரு சல்லிசு விமானத்தில்தான் இடம் இருந்தது. டிக்கெட்டைவிட விமானம் சல்லிசு என்பது பிறகுதான் தெரிந்தது.

வீட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்ப வேண்டும். அன்றைக்கு மேற்கே சூலம்; திருவனந்தபுரமும் மேற்கேதான். அண்ணாச்சி விடுவாரா? பயண நாள் சரியில்லையென்றால், முன்னாலேயே ஒரு நல்ல நாளில் பையை வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் கிளம்பிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்று அதற்குப் பெயர். வியாழக்கிழமையே அக்காவின் கைப்பையை ஸ்ரீவில்லிபுத்தூரில் தன் தங்கை வீட்டில் வைத்துவிடலாம் என்றார்.

"திருவனந்தபுரத்துக்குப் போக ஸ்ரீவில்லிபுத்தூர் எதுக்கு அண்ணாச்சி? அது வடக்கயில்ல இருக்கு" என்றார் அப்பா.

"ஊர் எல்லையத் தாண்டினாப் போதும். கெரகம் மேப்பு பாக்காது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "சும்மா ரெண்டு சேலைய வச்சா அது நம்பாது. பாஸ்போர்ட்ட உள்ள வைங்க. அப்பத்தான் புள்ள நெசமாவே கிளம்பிருச்சுன்னு நினைக்கும்."

கிரகம் நம்பியதோ இல்லையோ, நாங்கள் நம்பினோம். ஞாயிற்றுக்கிழமை வேன் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, பிறகு தெற்கே திரும்புவதாகத் திட்டம். ஆனால் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் கிளம்ப வேண்டுமென்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவரின் கை தப்பியதே பெரும்பாடு. வேன் நேராகச் சேத்தூர் ரோட்டைப் பிடித்தது. பையை முன்னாலேயே ஆள் விட்டு அவர் எடுத்திருப்பார் என்று நாங்களும், நாங்கள் எடுத்திருப்போம் என்று அவரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே போனோம்.

பை வரவில்லை என்பது காலையில் விமான நிலையத்தில்தான் தெரிந்தது. அப்பா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அக்கா அழவில்லை. "விடுங்க அண்ணாச்சி, என் நேரம் அப்படி" என்று மட்டும் சொன்னாள். அண்ணாச்சியின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் விமானம் தாமதம் என்று அறிவித்தார்கள். சுற்றிலும் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, அண்ணாச்சி ஒருவர் மட்டும் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டார். எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, தங்கை வீட்டுக்குப் பக்கத்திலிருந்த பால்கோவா கடைக்குப் போன் போட்டார். தங்கை புருஷன் பையோடு அம்பாசடரில் கிளம்பினார்.

மத்தியானம் மறுபடியும் தாமதம். பயணிகள் விமானக் கம்பெனி அதிகாரியைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். அண்ணாச்சி நடுவில் புகுந்தார்.

"ஏன்யா அவிய உயிர வாங்குதிய? வானத்துல நிறுத்தி டயர் மாத்த முடியுமா? நல்லாப் பாக்கட்டும். நீங்க பாருங்க தம்பி. செத்த நேரம் கூடக் கொறைய ஆனாலும் பரவால்ல."

பிறந்ததிலிருந்து அப்படி ஒரு ஆளை அந்த அதிகாரி பார்த்ததில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

டீ குடித்து முடிப்பதற்குள் விமானம் தயாராகிவிட்டது. கவுன்டரைத் திறந்துவிட்டார்கள். கார் வரவில்லை. சல்லிசு கம்பெனி என்பதால் ஒரு கிலோ கூடினாலும் பெட்டியைத் திருப்பித் தள்ளினார்கள். ஊறுகாயும் அரிசியும் முறுக்கு டின்னுமாக ஆளாளுக்குத் தரையில் கடைபரப்பினார்கள். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "கொண்டாங்க இங்க" என்று குனிந்தார்.

டின்னைச் சேலைக்குள் சுருட்டினார். செருப்புக்குள் மிளகாய்ப்பொடியை அடைத்தார். ஒருவருக்கு மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிவிட்டார். கடையில் ஒரு பெட்டியைக் கட்ட அவருக்கு ஒரு பீடி பிடிக்கிற நேரம் போதும். அன்றைக்கு ஒரு முடிச்சைப் போட்டார், தள்ளி நின்று பார்த்தார், அவிழ்த்தார், மறுபடியும் போட்டார். பாதி வரிசை தரையில் கிடக்க, கவுன்டரை மூட முடியவில்லை. ஒரு மனுஷன் ஒரு விமானத்தையே சணல் கயிற்றால் கட்டி நிறுத்தியதை நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

"பெரியவரே, இன்னும் எம்புட்டுப் பெட்டி?" என்று வந்து நின்றார் அதிகாரி. அண்ணாச்சியோடு பேசிப் பேசி அவருக்கும் எங்கள் பேச்சு ஒட்டிக்கொண்டிருந்தது.

"இந்தா ஆச்சு தம்பி. கடைசிப் பெட்டிதான்."

அந்தக் கடைசி முடிச்சை அவர் மூன்றாவது தடவை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது தங்கை புருஷன் மூச்சு வாங்க ஓடிவந்தார். அக்கா பாஸ்போர்ட்டை நீட்டினாள். அதிகாரி அதைப் பார்த்தார், தரையில் இருந்த அண்ணாச்சியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. போர்டிங் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார்.

"போ தாயி. திரும்பிப் பாக்காத" என்றார் அண்ணாச்சி.

அக்கா திரும்பிப் பார்க்காமல் போனாள். அவள் மறைந்ததும் அண்ணாச்சி கயிற்றுத் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். "புள்ள வாழ்க்கைய நானே பூட்டி வச்சிருப்பேனேய்யா" என்றார். அப்பா அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

அண்ணாச்சி போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. இப்போது எங்கேயாவது விமானம் தாமதம் என்று அறிவித்தால் பக்கத்து இருக்கைக்காரர்கள் திட்டித் தீர்க்கிறார்கள். எனக்குத் திட்ட வாய் வருவதில்லை. எந்தப் பெண்ணின் பையோ இன்னும் வந்து சேரவில்லை, உள்ளே அவர் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார் என்று தோன்றும். மெதுவாகவே கட்டுங்கள் அண்ணாச்சி, எனக்கு ஒன்றும் அவசரமில்லை.