எந்திரிக்காத சர்வரும் கம்பளியும்

நீலகிரி மலையிலேயே மனிதர்களை 'வா, போ' என்றும் கம்ப்யூட்டரை 'வாங்க, போங்க' என்றும் கூப்பிட்ட ஒரே ஆள் கம்பளிதான். குன்னூருக்குப் பக்கத்தில் நான் கிளார்க்காக இருந்த தேயிலை ஃபேக்டரியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர். கோடையிலும் கழுத்தில் கம்பளி மஃப்ளர் இருக்கும்; பெயர் வந்ததும் அதனால்தான். மேனேஜரே அவருக்கு 'ஏப்பா'தான்.

தேயிலை விலை படுத்துவிட்ட சமயம். பாதி நாள் ஃபேக்டரி ஓடாது. ஆபீஸில் ஒருவரைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு வேறு.

அப்போது பார்த்து ஒரு திங்கட்கிழமை சர்வர் எழவில்லை. கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி, அதற்குமேல் அசைவில்லை. அந்த வார ஏலத்துக்கு அனுப்ப வேண்டிய சரக்கு விவரமெல்லாம் அதற்குள்தான். போய்ச் சேராவிட்டால் தேயிலை குடோனிலேயே கிடக்கும்.

மேனேஜர் கோயம்புத்தூரில் இருந்த முதலாளிக்கு ஃபோன் செய்து, சர்வர் எந்திரிக்கவில்லை என்றார். முதலாளி கேன்டீன் பையனை நினைத்துக்கொண்டார்.

"காய்ச்சலா இருக்குமுங்க. வேற ஆளப் போட்டுக்குங்க."

பழி என் தலையில் விழுந்தது. குளிர் தாங்காமல் நான் ஹீட்டர் போட்டதில் காலையில் ஃபியூஸ் போயிருந்தது. குறைக்க வேண்டிய ஆள் கிடைத்துவிட்டான் என்பது மேனேஜர் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

பெட்டியைப் பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டலாம் என்று வந்த எலெக்ட்ரீஷியனைக் கம்பளி வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். ஒரு சி.டி.யைப் போட்டு, அதன் உதவியால் உள்ளே எட்டிப் பார்த்தார். கோப்புகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. பிறகு ஏதேதோ தட்டினார். "ஏலத்துக்கு நேரமாச்சுங்க, கொஞ்சம் எந்திரிங்க" என்று பெட்டியிடம் கெஞ்சியது என் காதிலேயே விழுந்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் சர்வர் எழுந்துவிட்டது. விவரங்கள் பிரிண்டாகி ஜீப் ஏறின. மேனேஜர் நிம்மதியாக என் பக்கம் திரும்பி, ஹீட்டர் விஷயத்தை ஆரம்பித்தார்.

"ஹீட்டர் மேல பழி போடாதப்பா," என்றார் கம்பளி. "டிஸ்க்குல ஃபைல் அடுக்கற முறைய சனிக்கிழம நாந்தான் புதுசா மாத்துனேன். மிசின எழுப்பி விடற புரோகிராமுக்குப் பழைய முறை மட்டுந்தான் தெரியும். அதையும் மாத்தியிருக்கோணும். மறந்துட்டேன்."

அவரை யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை.

அடுத்த மாதம் அவரை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். திருப்பூரில் வேலை கிடைத்த கம்பெனியில் எத்தனை பெரிய சர்வர் இருக்கிறதென்று வழியெல்லாம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார்.