ஏழெட்டு ஐம்பத்து நான்கு

எதிரே நாலு பேர் நின்றுவிட்டால் போதும், எனக்குப் பேச்சு வந்துவிடும். இது ஒரு வியாதி. பொன்மலை ரயில்வே பணிமனையில், தொழிற்சங்கத்தின் வாயில் கூட்டங்களில் பேசிப் பேசி ஒட்டிக்கொண்டது. வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூட "தோழர்களே" என்றுதான் ஆரம்பிப்பேன் என்று என் மனைவி கலா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். (சுத்தப் பொய். ஒரே ஒரு தடவைதான் அப்படி நடந்தது.)

இந்த வியாதியோடு நான் போய் மாட்டிக்கொண்ட இடம், என் மகள் யாழினி மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த தொடக்கப்பள்ளி. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடம் பக்கமாக இருக்கிறது. அப்போது அதன் நிலைமை சரியில்லை. தலைமையாசிரியர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. நான்காம் ஐந்தாம் வகுப்புகளைச் சேர்த்து நடத்திக்கொண்டிருந்த விஜயா டீச்சரே தலைமைப் பொறுப்பையும் சுமந்தார். மீதி மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து இன்னொரு டீச்சர் சமாளித்தார். பள்ளிக்கூடத்தில் மொத்தமே அந்த இரண்டு பேர்தான்.

பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் ஒரே புலம்பல். "டீச்சர் எப்ப பாத்தாலும் போனையே நோண்டிக்கிட்டிருக்காங்க" என்றார் ஒருவர். "என் பையனுக்கு ரெண்டாம் வாய்ப்பாடே தகராறு" என்றார் வடக்கு வாசலில் பூக்கடை வைத்திருக்கும் சாந்தி அக்கா. டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடப் போவதாகவும் சொன்னார். அவர் வாங்கினால் இன்னும் சிலர் வாங்குவார்கள். பிள்ளைகள் குறைந்தால், இருக்கிற இரண்டு டீச்சரில் ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். அப்புறம் அது பள்ளிக்கூடமாகவே இருக்காது.

"ஜூனுக்குள்ள ஹெச்.எம். வரலைன்னா யாழினிய வேன் வர்ற ஸ்கூல்ல சேத்துடலாங்க" என்றாள் கலா. யாழினி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைகூட அங்கேதான் போக வேண்டும் என்று அடம்பிடிப்பவள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

"நான் போய்ப் பேசிக்கறேன்" என்றேன். கலா என்னைக் கவலையோடு பார்த்தாள். மகளை நினைத்துக் கவலைப்படுகிறாள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

விடுப்புப் போட்டுவிட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கிளம்பினேன். சாந்தி அக்காவும் வேறு சில அம்மாக்களும் பின்னால் வந்தார்கள். விஜயா டீச்சர் மேஜையில் குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தியில் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒரு பள்ளியின் தலைமை என்பது" என்று தொடங்கி, தலைமை, நிர்வாகம், கற்பித்தலின் தரம் என்று ஒவ்வொன்றாகப் பிய்த்து உதறினேன். ("கற்பித்தலின் தரம்" என்ற சொல்லை முந்தின நாள் பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.)

டீச்சர் முழுக்கக் கேட்டார். பிறகு சொன்னார்: "நீங்க சொல்றதெல்லாம் சரிதாங்க சார். மத்தியானத்துக்குள்ள வருகை, முட்டைக் கணக்கு எல்லாம் இந்தப் போன்ல ஏத்தணும். இன்னொரு டீச்சர் இன்னிக்குப் பயிற்சிக்குப் போயிட்டாங்க. பக்கத்து ரூம்ல சத்தம் கேக்குதா? பத்து நிமிஷம் நீங்க போய் நின்னீங்கன்னா, இதை முடிச்சிட்டு வந்து உங்ககிட்ட பேசறேன்."

நிற்கச் சொன்னார். நான் நிற்கவில்லை. கற்பித்தல் என்றால் என்ன என்று காட்டிவிடுவதென்று முடிவு செய்தேன்.

உள்ளே நுழைந்ததும் எல்லாரும் எழுந்து "வணக்கம் ஐயா" என்று ராகம் போட்டார்கள். அதிலேயே எனக்குப் பாதி போதை ஏறிவிட்டது. கடைசி வரிசையில் யாழினி மட்டும் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள். முதல் வகுப்புப் பொடிசுகள் இரண்டு பேர் என் செருப்பைப் பற்றி ஏதோ விவாதித்தார்கள். நான் கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாட்டை எழுதினேன். சொல்லச் சொன்னால் முனகினார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி கோஷம்தான். முஷ்டியை உயர்த்தினேன்.

"நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லணும். ஏழேழு நாப்பத்தொம்பது."

"ஏழேழு நாப்பத்தொம்பது" என்று கூரை அதிர்ந்தது. அத்தனை பிஞ்சு முஷ்டிகளும் மேலே போயின. வாய்ப்பாட்டின் கடைசி வரி வரை அப்படியே போனோம்.

வெளியே வராண்டாவில் அம்மாக்கள் எட்டிப் பார்ப்பது தெரிந்தது. எனக்கு இன்னும் உற்சாகம். "வேண்டும் வேண்டும்" என்றேன். "வேண்டும் வேண்டும்" என்றார்கள். "ஹெச்.எம். வேண்டும்" என்றேன். அதையும் சொன்னார்கள். அதற்குமேல் வகுப்பு என் கையில் இல்லை. செருப்பை விவாதித்த பொடிசுகளில் ஒருவன் பெஞ்சு மேல் ஏறி நின்று, "வேண்டும் வேண்டும், சாயங்காலமும் முட்டை வேண்டும்" என்றான். அதற்கு எழுந்த ஆதரவை என் வாழ்நாளில் எந்த வாயில் கூட்டத்திலும் நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வட்டாரக் கல்வி அலுவலர். சொல்லாமல் கொள்ளாமல் பள்ளியைப் பார்வையிட வந்திருக்கிறார். முட்டைக் கோஷம் அடங்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் எத்தனை வருஷமா சர்வீஸ்ல இருக்கீங்க?"

அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல்லிப் பழக்கம். "பதினாலு வருஷமாச்சுங்க சார்."

அவர் கரும்பலகையைக் காட்டினார். "பதினாலு வருஷத்துல ஏழாம் வாய்ப்பாடு வரலையா?"

திரும்பிப் பார்த்தேன். 7 x 8 = 54 என்று என் கையெழுத்து குண்டு குண்டாக நின்றது. அதைத்தான் அத்தனை பிள்ளைகளையும் முஷ்டி உயர்த்திச் சொல்ல வைத்திருக்கிறேன்.

கடைசி வரிசையில் ஒரு கை மெல்ல உயர்ந்தது. "அப்பா, அம்பத்தாறுப்பா" என்றாள் யாழினி.

"அப்பாவா?" என்று அலுவலர் திரும்ப, சத்தம் கேட்டு ஓடி வந்த விஜயா டீச்சர் அவர் பின்னால் நின்றார். டீச்சர் முகத்தில் ரத்தமே இல்லை. வெளியாளை வகுப்பில் விட்டதற்கு அவர்மேல்தான் நடவடிக்கை வரும். அவரைக் குறை சொல்ல வந்தவன் நான்தான், ஆனாலும் இப்போது அவரைக் காப்பாற்ற வேண்டியவனும் நான்தான். பேசியாக வேண்டும். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் எனக்குப் பேச்சு வரவில்லை.

பேசியது சாந்தி அக்கா. "சார், ஒரு டீச்சரு பயிற்சிக்குப் போயிட்டாங்க. ஒரு டீச்சரு முட்டைக் கணக்கு எழுதிக்கிட்டிருக்காங்க. பிள்ளைங்கள யாரு பாக்கறது? இவரு சும்மா நிக்கத்தான் வந்தாரு, பேச்சு கொஞ்சம் சாஸ்தி. எங்களுக்கு ஒரு ஹெச்.எம். வேணும், அவ்ளோதாங்க."

அலுவலர் நேராகக் கரும்பலகைக்குப் போனார். டஸ்டரை எடுத்து நாலை அழித்துவிட்டு ஆறு போட்டார். "நியாயமான கோரிக்கைதாம்மா. ஆள் இல்லைன்னா இங்க என்ன ஆகும்னு நேர்லயே பாத்துட்டேன்" என்றார். விஜயா டீச்சருக்கு மெமோ வரவில்லை. அவர் அன்று புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றதை நான் அழுகை என்றே நினைத்தேன். சிரிப்பாம்.

ஜூனில் புது தலைமையாசிரியர் வந்துவிட்டார். என் போராட்டத்தின் வெற்றி என்று நான் சங்கத்தில் சொல்லிக்கொள்கிறேன். இடமாறுதல் கலந்தாய்வில் வர வேண்டியவர் வந்தார் என்பது கலாவின் கட்சி. சாந்தி அக்கா டி.சி. வாங்கவில்லை. "உங்க பாடத்தைப் பாத்தப்புறம் நம்ம டீச்சருங்க தெய்வமாத் தெரியறாங்க தம்பி" என்றார். யாழினி அதே பள்ளியிலேயே இருந்தாள். அந்தச் செய்தியைச் சொன்ன அன்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "ஆனா நீ ஸ்கூலுக்கு வராதப்பா" என்றாள்.

வராமல் முடியுமா? புதியவர் கூட்டிய முதல் பெற்றோர் கூட்டத்துக்குப் போனேன். கடைசி வரிசையில், வாய் திறப்பதில்லை என்ற சத்தியத்தோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்பதற்காகக் கையைத் தூக்கினேன், அவ்வளவுதான். ஜன்னலுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த அத்தனை பிள்ளைகளும் "வேண்டும் வேண்டும்" என்றார்கள்.

இப்போது எங்கள் வீட்டில், கூசாமல் சொல்லும் எந்தப் பொய்க்கும் அன்றைய என் வாய்ப்பாடுதான் பெயர். சாயங்காலம் கலா போன் செய்வாள். "பஸ் காவிரிப் பாலத்துல வந்துக்கிட்டிருக்கு, பத்து நிமிஷத்துல வந்துடறேன்" என்பேன். பின்னாலிருந்து யாழினியின் குரல் கேட்கும்.

"நெஜமாவாம்மா, இல்ல ஏழெட்டு அம்பத்திநாலா?"

நான் அப்போது பணிமனைப் பக்கம் மன்னார்புரத்தில் இன்னும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருப்பேன்.