நெடுந்தீவில் அசல் பாய்

நகத்தால் சுரண்டிப் பார்க்காமல் அசல் பாய் நம்பிய பொருள் இந்தப் பூமியில் ஒன்றுகூடக் கிடையாது. பெரிய காஞ்சிபுரத்தில் அவருக்கு ஜரிகை வியாபாரம். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு தெரிய வேண்டும், தெரிந்தால் "அசல்!" என்பார். சரி, அது தொழில். ஆனால் பழக்கடை ஆப்பிள், என் புதுக் கார், என் தங்கையின் மாப்பிள்ளை மணமேடையில் போட்டிருந்த சங்கிலி என்று அவர் நகம் போகாத இடமே இல்லை.

அப்படிப்பட்டவரைக் கடைத்தெரு நண்பர்கள் சேர்ந்து நெடுந்தீவுக்கு அழைத்துப் போனோம். யாழ்ப்பாணம் தாண்டிப் படகேறிப் போகும் தீவு. "காட்டுக் குதிரைங்க இருக்குதாம்பா! கடலோரமா மேஞ்சிக்கினு இருக்குமாம்!" என்று கிளம்பும்வரை ஊரெல்லாம் தமுக்கடித்திருந்தார்.

இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டார். கடலைச் சுரண்ட முடியாதென்பதால் ஒரு சொட்டை நாக்கில் வைத்து, "அசல்!" என்றார். இடிந்து கிடந்த டச்சுக்காரர் கோட்டைச் சுவரில் நகத்தை வைத்தபோது, எங்களைச் சுற்றிக்காட்ட வந்த ஆட்டோக்காரர் பாய்ந்து வந்தார்.

"ஐயா, சுரண்டாதேங்கோ! பழங்காலத்துக் கோட்டை! கடலில எடுத்த பவளக்கல்லு!"

"அடேங்கப்பா! செவுரு முழுக்க பவளமா!"

பாய் குதித்த குதியில் தொப்பி கழன்று விழுந்தது.

குதிரைகள் கடலோர வெட்டவெளியில் நின்றன. பார்த்ததும் எனக்கு மெய்சிலிர்த்தது. பாய் கையை நீட்டிக்கொண்டு ஓடினார். அவை அதைவிட வேகமாக ஓடின.

"கடைசிப் படகுக்கு நேரமாச்சுது. விட்டியளெண்டா நாளைக்குத்தான்," என்றார் ஆட்டோக்காரர். மறுநாள் காலையில் ஊர் திரும்ப யாழ்ப்பாணத்துப் பக்கம் எங்களுக்குக் கப்பல்; படகை விட்டால் அதுவும் போச்சு.

"பாய், வாங்க போலாம். கண்ணால பாத்தாச்சில்ல?" என்றேன்.

"தொட்டுப் பாக்காம ஊர்ல போயி இன்னான்னு சொல்றது? எவன்பா நம்புவான்? நானே நம்ப மாட்டேன்!"

மற்றவர்கள் ஆட்டோவில் கிளம்பினார்கள். அவரை இழுத்து வர நான் மட்டும் நின்றேன். பாயோ, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி குதிரைகளுக்கு முதுகைக் காட்டிப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பழுப்புக் குதிரை மெல்ல வந்தது. அவர் முதுகில் கழுத்தை வைத்துப் பரக் பரக்கென்று தேய்த்தது.

பாய் மூச்சே விடவில்லை. "என்னைச் சுரண்டுதுப்பா," என்றார் கிசுகிசுப்பாக. "அசலான்னு பாக்குதுப்பா!" கண்ணில் தண்ணீர் வேறு.

குதிரை போன பிறகுதான் தூரத்தில் எங்கள் படகு போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

"ஐயையோ, போட்டு போயிடுச்சே! நீயாவது போயிருக்கலாம்ல?"

இவரை விட்டுவிட்டுப் போய் நான் ஊரில் என்ன செய்வேன்? எனக்கு இந்த மனுஷனை அவ்வளவு பிடிக்கும்.